வாங்குபவர் ஒருவர், தொடுபவர் ஒருவர்: அறிவியல் கருவிப் பட்டறையில் கற்றவை

பள்ளி ஆய்வகத்துக்குக் கருவி செய்கிற தொழிலில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. வாங்குகிறவர் அந்தக் கருவியைத் தொடுவதே இல்லை. ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் விலையையும் எண்ணிக்கையையும் பார்ப்பார். பெட்டியைப் பிரிப்பவர் ஆய்வக உதவியாளர். கடைசியில் அதைக் கையில் எடுப்பது 13 வயதுப் பிள்ளை. கருவி சரியில்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. சொன்னாலும், "நீ சரியாகச் செய்யவில்லை, திரும்பச் செய்" என்றுதான் பதில் வரும். தனக்கு அறிவியல் வராது என்று பிள்ளையும் முடிவு கட்டிவிடும். கருவியின் குறையைத் தன் குறையாக ஒரு பிள்ளை சுமப்பதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியாது.

தாத்தா தொடங்கிய பட்டறையில்தான் நான் வளர்ந்தேன். இப்போது அப்பா, சித்தப்பா, சித்தப்பா மகன், நான் என நாலு பேர் சேர்ந்து நடத்துகிறோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், கருவிகளை வாங்கி வகுப்பில் வைக்கிற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

முதலில், பலர் நினைப்பதுபோல, வகுப்பறைக் கருவி என்பது ஆராய்ச்சிக் கருவியின் மலிவான பதிப்பு அல்ல. ஆராய்ச்சிக் கருவியைத் தொடுபவர் பயிற்சி பெற்றவர். அதன் குணம் அவருக்குத் தெரியும். எங்கள் கருவி அதுவரை அதைப் பார்த்தேயிராத ஒருவர் கையில், ஒரே பாடவேளைக்குள், சுற்றி நாலு பேர் எட்டிப் பார்க்கும்போது வேலை செய்ய வேண்டும். கீழே விழுந்தாலும் பிழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைக் காட்ட வந்ததோ அதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும்.

பித்தளைக் குண்டும் வளையமும் எல்லோரும் பார்த்த கருவிதான். குளிர்ந்திருக்கும்போது குண்டு வளையத்துக்குள் போகும், சூடாக்கினால் போகாது. கடைசல் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் கஷ்டம் புரியும். 25 மி.மீ. விட்டமுள்ள பித்தளைக் குண்டின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸ் ஏறினால், விட்டம் கூடுவது கிட்டத்தட்ட 0.1 மி.மீ. அவ்வளவுதான். வளையத்தை 0.2 மி.மீ. தளர்வாகக் கடைந்துவிட்டால், சூடான குண்டும் சுகமாக உள்ளே போய்விடும். ஆசிரியர் பாடத்தில் ஒன்று சொல்வார், மேசையில் வேறொன்று நடக்கும். அதனால் எங்கள் பட்டறையில் குண்டையும் வளையத்தையும் ஜோடியாகவே கடைகிறோம். இடைவெளி 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரே எண்ணை இரண்டிலும் பொறித்துவிடுவோம், ஜோடி மாறக்கூடாது என்பதற்காக. பெட்டியில் போடும்முன் ஒவ்வொரு ஜோடியையும் சுடரில் காட்டிப் பார்ப்பது கட்டாயம். பத்தில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்ற வாதத்தை இந்த ஒரு பொருளில் நாங்கள் ஏற்பதில்லை.

இந்தக் கருவி நெதர்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லெம் க்ராவெசாண்டெயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் அவர் பாடம் நடத்தப் பயன்படுத்திய கருவிகளைச் செய்து கொடுத்தவர் யான் வான் முசென்புரூக். அந்தக் குடும்பம் பித்தளை விளக்கு செய்துகொண்டிருந்த குடும்பம். அப்படியே காற்றுப் பம்பு, நுண்ணோக்கி என்று நகர்ந்து வந்தவர்கள். யானின் தம்பி பீட்டர்தான் மின்னூட்டத்தைச் சேமிக்கும் லைடன் ஜாடியால் பெயர் பெற்ற இயற்பியலாளர். ஒரு தம்பி பாடம் எடுக்க, அண்ணன் பட்டறையில் கருவி செய்ய, பக்கத்திலேயே பேராசிரியர் நின்று "இது இப்படித் தெரிய வேண்டும்" என்று கேட்க, அந்தக் கருவிகள் உருவாகியிருக்கின்றன. அவற்றில் பல இன்றும் லைடனில் உள்ள புர்ஹாவ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்களைப் போன்ற குடும்பத் தொழில்களுக்கு அவர்களை மூத்தவர்களாகவே நான் நினைக்கிறேன். செய்பவரும் கற்பிப்பவரும் அடிக்கடி பேசிக்கொண்டால்தான் கருவி தேறும் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் குண்டு விஷயத்தில் ஓர் ஆசிரியர் சொன்ன யோசனை எங்களுக்குப் பெரிய உதவி. "குண்டை மட்டும் ஏன் சூடாக்க வேண்டும்? வளையத்துக்கும் மரப்பிடி போட்டுக் கொடுங்கள், அதையும் சூடாக்கிப் பார்க்கட்டும்" என்றார். வளையம் சூடானால் நடுத்துளை பெரிதாகுமா, சிறிதாகுமா என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் சிறிதாகும் என்பார்கள். செய்து பார்த்தால் சூடான குண்டு சூடான வளையத்துக்குள் மறுபடி நழுவிப் போகும். ஒரு பிடி கூடுதலாகப் போட்டதில் கருவிக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது.

அப்புறம், தெரியாத மின்தடையைத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு அளக்கும் மீட்டர் சமனச்சுற்று. பலகைமேல் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சீரான கம்பி, அடியில் அளவுகோல், ஓரங்களில் செம்புப் பட்டைகள். ஒரு பள்ளி பழுது பார்க்க அனுப்பிய சுற்றுகள் ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்தன. வேறொரு நிறுவனம் செய்தவை. பார்க்க அழகாக இருந்தன. பாலிஷ் போட்ட மரம், பளபளக்கும் முனைகள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மின்தடை வைத்தால் 50 செ.மீ.யில் சமநிலை வர வேண்டும், அதாவது மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் 52இல் வந்தது. கூடவே வந்திருந்த செய்முறை நோட்டைப் புரட்டினேன். ஒரு பிள்ளை முதலில் 52 என்று எழுதி, அடித்துவிட்டு, 50 என்று எழுதியிருந்தது. விடை புத்தகத்தோடு ஒத்துவர வேண்டுமே! கண்ணால் பார்த்ததை அடித்துவிட்டு எதிர்பார்க்கப்படுவதை எழுத அந்தக் கருவி அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அறிவியல் கல்விக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் கம்பிதான். ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்திருந்தது. கம்பியின் விட்டம் 2 சதவீதம் குறைந்தால், அந்த இடத்தில் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும், ஏனென்றால் கணக்கில் வருவது குறுக்குப் பரப்பு. கம்பியைத் தொட்டுச் சமநிலைப் புள்ளியைத் தேடும் தொடுசாவி கூர்மையாக இருந்து, பிள்ளைகள் அதைக் கம்பியில் தேய்த்துக்கொண்டே போனாலும் இதே கதிதான். அதனால் தொடுசாவியின் விளிம்பை மழுங்கடித்தே அனுப்புகிறோம். தொட்டு எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது என்று பலகைமேலேயே அச்சிட்டிருக்கிறோம். கம்பிச் சுருள் வந்ததும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் திருகு அளவியால் அளந்து, ஒரே நீளத் துண்டுகளின் மின்தடையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுக்கிறோம்.

ஆசிரியர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சம மதிப்புள்ள இரண்டு மின்தடைகளை வைத்துச் சமநிலைப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்றி மறுபடி பாருங்கள். 52 என்பது 48 ஆனால், மின்தடைகள் உண்மையில் சமமில்லை. இடம் மாற்றியும் 52லேயே நின்றால் குறை கம்பியிலோ, அளவுகோல் ஒட்டிய விதத்திலோ, முனை இணைப்புகளிலோ இருக்கிறது. புதுப் பெட்டியைப் பிரித்த அன்றே இதைச் செய்துவிட்டால், அப்புறம் எந்தப் பிள்ளையையும் குறை சொல்ல வேண்டியிருக்காது.

கண்ணாடிப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சூடுபடும் பாத்திரங்களுக்குப் போரோசிலிகேட் கண்ணாடிதான் வேண்டும். சாதாரணச் சோடா கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். அதனால் திடீர்ச் சூட்டை அது தாங்கும். ஆனால் நல்ல கண்ணாடியையும் ஊதி வளைத்தபின் மெதுவாக ஆற்றாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் யாரும் தொடாமலே விரிசல் விடும். எங்கள் கண்ணாடிப் பிரிவில் உள்ள மூத்தவர் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவில் குழாயைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். சீராக ஆறியிருந்தால் இருட்டாகவே இருக்கும். இறுக்கம் இருந்தால் வளைவுப் பக்கத்தில் வெள்ளையாகக் கோடு மின்னும். நான் ஒருமுறை, "அண்ணே, இது கொஞ்சமாகத்தானே மின்னுகிறது, அனுப்பலாமே?" என்றேன். "கொஞ்சம்தான் பாப்பா. ஆனா அதைச் சூடு பண்றப்போ ஒரு பிள்ளை முகத்தைக் கிட்ட வச்சுக்கிட்டு நிக்கும்" என்று சொல்லிவிட்டு அதை மறுபடி உலைக்கு அனுப்பினார். பாதுகாப்பு பற்றி நான் கேட்ட எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த அளவுக்கு மனதில் பதியவில்லை.

வீட்டுக்குள் நீண்ட விவாதம் நடந்தது பாதரசம் பற்றித்தான். பாதரசக் கேட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரச வெப்பமானி, பாரமானி போன்றவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் சில விதிவிலக்குகள் நீங்கலாக 2020க்குப் பிறகு நிறுத்துவது அதில் ஒரு பகுதி. "கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்பது சித்தப்பாவின் வாதம். அவருக்குப் பாதரசத் தம்பம் ஓர் ஈர்ப்பு, 76 செ.மீ.யில் அது வந்து நிற்பதைப்போல் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி வேறில்லை என்பார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு வெப்பமானி உடைந்தால் குனிந்து அந்த முத்துகளைப் பொறுக்குவது யார் என்று அம்மா கேட்டதும் பேச்சு முடிந்தது. அவர் பட்டறை வேலையில் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விதான் முடிவெடுத்தது.

வெப்பமானிக்குச் சிவப்புச் சாராய வகைக்கு மாறினோம். அதில் ஒரு தொல்லை, பயணக் குலுக்கலில் நிறத் தம்பம் துண்டாகிவிடும். துண்டான வெப்பமானி தவறான அளவு காட்டும். பிள்ளைக்கு அது தெரியாது. எனவே நிமிர்த்தி வைத்தே அனுப்புகிறோம். அப்படியும் துண்டானால், பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையில் குமிழை வைத்துத் திரவம் முழுவதையும் குமிழுக்குள் இறக்கிவிட்டு, நிமிர்த்திப் பிடித்து மெதுவாக அறை வெப்பத்துக்கு வரவிட்டால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். பாரமானிக்குப் பதில் சித்தப்பாவே ஒரு வழி கண்டார். நீளமான ஒளிபுகும் குழாயில் கொதித்து ஆறிய வண்ணத் தண்ணீரை நிரப்பி, மேல்முனையை அடைத்து, கீழ்முனையை வாளித் தண்ணீருக்குள் வைத்து, மாடிப்படிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் மேல்முனையை மேலே இழுப்பது. மேல்முனை 10 மீட்டருக்கும் மேலே போனதும் தண்ணீர் குழாயோடு வராமல் நின்றுவிடும். மேலே வெற்றிடம் தெரியும். மூன்று மாடிக் கட்டடம் வேண்டும் என்பதுதான் சிரமம். ஆனால் காற்று இவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறதா என்று பிள்ளைகள் வாய்பிளப்பதைப் பார்த்த பிறகு சித்தப்பா பாதரசத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

சித்தப்பாவிடம் இன்னொரு வித்தை உண்டு. இசைக்கவைகளைச் சுருதி சேர்ப்பது. 512 ஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தால் அது 512ஆகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையில் ஒலியின் வேகம் தப்பாக வரும். சரிபார்த்த ஒரு கவையையும் புதுக் கவையையும் ஒன்றாகத் தட்டுவார். வினாடிக்கு இரண்டு விம்மல், அதாவது ஒலி இரண்டு முறை கூடிக் குறைவது, கேட்டால் புதியது 510 அல்லது 514. எது என்று அறியப் புதுக் கவையின் கிளையில் துளி மெழுகை ஒட்டுவார். மெழுகின் எடை அதிர்வெண்ணைச் சற்றுக் குறைக்கும். விம்மல் மெதுவானால் அது 514 பக்கம். வேகமானால் 510 பக்கம். கூடுதலாக இருந்தால் இரு கிளைகளும் சேரும் அடிப்பகுதியில் அரம் போடுவார். விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். குறைவாக இருந்தால் நுனியில் அரம் போட்டு எடையைக் குறைப்பார், சுருதி ஏறும். இப்போது மின்னணு அதிர்வெண்மானி இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில், எத்தனை இழுப்பு என்பது அவர் கையில்தான் இருந்தது.

குடும்பத் தொழிலின் பெரிய ஆபத்து இங்கேதான். ஒரு பொருளைச் செய்யும் அறிவு ஒருவர் கையில் மட்டும் இருக்கும். வீட்டுக்காரர்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்று எல்லோரும் இருந்துவிடுவோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்யச் செய்ய வீடியோ எடுத்து, ஒவ்வொரு படியையும் எழுதி, அதை வைத்து ஒரு புது ஆளைச் செய்யச் சொன்னேன். அந்த ஆள் தடுமாறிய இடங்களில்தான் சித்தப்பா சொல்லாமல் விட்டவை வெளியே வந்தன. அரம் போட்ட உடனே அளக்கக்கூடாது, தேய்ப்பில் கவை சூடாகியிருக்கும், ஆறவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. அவருக்கு அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு கைவித்தைக்காரர் இருந்தால், அவரிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். செய்யச் சொல்லி நீங்கள் எழுதுங்கள்.

குடும்பத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் பழுதுமேசைக்குத்தான் அனுப்ப வேண்டும். தாத்தா போட்ட இந்த வழக்கம் எங்களைக் காப்பாற்றி வருகிறது. நானும் அங்கேதான் தொடங்கினேன். திரும்பி வரும் பொருளைப் பிரித்துப் பார்த்தால் வகுப்பில் நடப்பது புரியும். கால்வனாமீட்டர் எரிந்து வருகிறதா, பிள்ளைகள் அதை நேராக மின்கலத்தில் இணைக்கிறார்கள். ஆகவே பாதுகாப்பு மின்தடையை உள்ளேயே வைத்துவிட வேண்டும். உயர் மின்னழுத்தத்தில் பொறி காட்டும் வான் டி கிராஃப் மின்னியற்றி "வேலை செய்யவில்லை" என்று வந்தால் பாதிக்கு மேல் பட்டையிலும் தாங்குகுழாயிலும் படிந்த தூசியும் ஈரமும்தான் காரணம். சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, சூடான காற்றுக் காட்டினால் பொறி பறக்கும். அதைக் கருவியோடு அனுப்பும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்; திரும்பி வருவது குறைந்துவிட்டது. பழுதுப் பதிவேட்டை மாதம் ஒருமுறை நாலு பேரும் உட்கார்ந்து படிக்கிறோம். விற்பனைக் கணக்கைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

உதிரி பாகங்கள் பற்றி ஒரு வார்த்தை. முடிந்தவரை எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவுத் திருகு, ஒரே 4 மி.மீ. செருகி. ஒரு திருப்புளியும் கொஞ்சம் இணைப்புக் கம்பியும் இருந்தால் ஆய்வக உதவியாளரே சரிசெய்துவிட வேண்டும். எங்களுக்கே உரிய விசேஷத் திருகு போட்டு, பழுதுக்கு எங்களிடமே வர வைக்கலாம்தான். அப்படிச் செய்தால் கருவி அலமாரியில் தூங்கும், பழுதுக்கு வராது.

டெண்டர்களில் வரும் விவரக்குறிப்பு எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குத் தலைவலி. சட்டக்காந்தத்துக்கு நீளம், அகலம், நிறம் எல்லாம் எழுதியிருப்பார்கள். எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இருக்காது. வண்ணம் பூசிய இரும்புத் துண்டும் அந்தக் குறிப்பில் தேறிவிடும். விலை குறைந்தவருக்கே ஆர்டர் போகும். கோபப்பட்டுப் பயனில்லை, நாங்கள் செய்வது வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் அது என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பக்கச் சோதனைத் தாள் எழுதி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுக்கிறோம். காந்தம் என்றால், இத்தனை செ.மீ. தொலைவில் வைத்தால் திசைகாட்டி ஊசி இத்தனை டிகிரி திரும்ப வேண்டும். ஓரிரு இடங்களில் அடுத்த ஆண்டின் குறிப்பில் எங்கள் தாளின் வரிகளே இருந்தன. யார் செய்த காந்தம் அங்கே போனாலும் அது இனி ஊசியைத் திருப்பும் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

குறிப்பேட்டில் எழுதும் எண்ணிலும் நாங்கள் நிறைய யோசித்தோம். தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும் என்று மட்டும் எழுதினால், 9.7 வந்த பிள்ளை அதை அடித்துவிட்டு 9.8 என்று போடும். ஒரு மீட்டர் ஊசல் 20 அலைவுக்கு ஏறத்தாழ 40 வினாடி எடுக்கும். நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 வினாடி முன்பின் ஆனால் அலைவு நேரத்தில் 0.5 சதவீதம், முடுக்கத்தில் 1 சதவீதம் வித்தியாசம் வரும். ஆகவே, "9.7 முதல் 9.9 வரை வந்தால் நன்றாகச் செய்திருக்கிறாய், வந்ததை அப்படியே எழுது" என்று அச்சிடுகிறோம். நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்க வேண்டும் என்பதால், குண்டின் நடுவில் மெல்லிய கோடு ஒன்றைக் கடைந்துவிடுகிறோம். கூடுதல் செலவு என்று சொல்லவே முடியாத வேலை அது.

இப்போது வீட்டில் ஓடும் விவாதம், அளந்ததை மின் சைகையாகத் திரைக்கு அனுப்பும் உணரிகளைப் பற்றி. சித்தப்பா மகனுக்கு எல்லாவற்றையும் திரையில் வரைபடமாகக் காட்ட ஆசை. செம்புக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக விழுவதைக் கண்ணால் பார்ப்பது ஒன்று. வெளியே சுற்றிய கம்பிச்சுருளில் எழும் மின்னழுத்தம் மேலே ஏறி, கீழே இறங்குவதைத் திரையில் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதை உணரி இல்லாமல் காட்ட வழியில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஒத்துவராதது மூடிய கறுப்புப் பெட்டிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பச் சொன்னால், கம்பி மெலிந்த அந்தப் பலகைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். உணரிப் பெட்டியின் மூடி ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் இருக்கும். தெரிந்த மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ள முன்பக்கத்தில் ஒரு ஜோடி முனை இருக்கும். முதல் மாதிரியை ஒரு வகுப்பில் கொடுத்திருக்கிறோம். ஆசிரியர் கருத்துத் தாளை நிரப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகளும் தனியாக ஒன்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.